சேலம் பக்கம் கரட்டு முயல் எங்கே போச்சு? வேட்டைக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள்?

கரட்டோரம் (வாழப்பாடி பக்கம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உங்கள் ஊர்ப் பக்கம் காட்டு முயல் கண்ணில் படுகிறதா? எங்கள் பக்கம் அநேகமாக இல்லை என்றே ஆகிவிட்டது.

கரட்டில், அதாவது ஊரோரப் பாறைக் குன்றில், மாடு மேய்த்த யாரைக் கேட்டாலும் முயல் படுக்கையைப் பற்றிச் சொல்வார்கள். கொழுக்கட்டைப் புல்லுக்குள், பாறைக்கு முதுகைக் கொடுத்து, உடம்பு கொள்கிற அளவுக்கு மட்டும் புல்லை அமுக்கிப் படுத்திருக்கும். காது இரண்டும் முதுகோடு ஒட்டி மடங்கியிருக்கும். நாம் மிதிக்கப்போகிற தூரம் வரும்வரை அசையவே அசையாது. அப்புறம் ஒரே எகிறு, மேட்டைப் பார்த்து வளைந்து வளைந்து ஓட்டம். பின்னங்கால் நீளம் என்பதால் ஏறுவது அதற்குச் சுலபம், இறங்கும்போதுதான் தடுமாறும். வேட்டைக்காரர்கள் நாயை மேலே நிறுத்திவிட்டுக் கீழிருந்து கலைப்பதற்குக் காரணம் அதுதான். எழுந்துபோன படுக்கையில் கை வைத்தால் சூடு தெரியும். இப்போது அதே கரட்டில் படுக்கையும் இல்லை, புழுக்கைகூட அபூர்வம்.

எங்கள் ஊரில் வேட்டைக்கென்றே பேர் எடுத்த வீடுகள் உண்டு. கூலி வேலை இல்லாத மாதங்களில் வலையைத் தூக்கிக்கொண்டு கரட்டுக்குப் போவார்கள். இப்போது யாரும் போவதில்லை. சட்டத்துக்குப் பயந்து நிறுத்தியவர்கள் உண்டு, போனாலும் ஒன்றும் கிடைக்காது என்று நிறுத்தியவர்கள் உண்டு. வேட்டை குற்றம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. என் வருத்தம் வேறு. முயல் குறைந்துவிட்டது என்றதும் வேட்டைக்காரனைக் கைகாட்டிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறோம். கரட்டை உடைத்தவன், வீட்டுமனை சைட் போட்டவன் பேச்சே வருவதில்லை. இத்தனைக்கும் முயல் குறைகிறது என்று முதலில் சொன்னவர்களே அந்த வேட்டைக்கார வீட்டு ஆட்கள்தான். யாரும் காதில் வாங்கவில்லை. உங்கள் பக்கம் நிலைமை எப்படி என்று எழுதுங்கள்.

மேட்டுக்காடு (ஓமலூர்) எழுதியது:

அண்ணா, எங்கள் பக்கமும் அதே கதைதான். கடலைக்காயும் கொள்ளும் போட்ட காலத்தில் வரப்போரம் முயல் கடித்த செடி தினமும் இருக்கும். கத்தியால் சாய்வாகச் சீவியது மாதிரி வெட்டு, பார்த்ததும் தெரிந்துவிடும். ஆடு கடித்தால் பிய்த்திருக்கும், முயல் கடித்தால் பிசிறே இருக்காது. இப்போது மேட்டுக்காட்டில் பாதி குச்சிக்கிழங்கு (மரவள்ளி), மீதி வீட்டுமனை. வரப்பில் முளைக்கிற புல்லுக்கும் களைக்கொல்லி அடித்துவிடுகிறோம். முயல் எதைத் தின்னும், எங்கே படுக்கும்?

ஆனால் வேட்டையைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வலையோடு போன பெரியவர்களை விடுங்கள். இப்போது ராத்திரியில் பைக்கில் வருகிற பையன்கள் வேறு ரகம். தலையில் பேட்டரி லைட், கையில் ஏர் கன். வெளிச்சம் கண்ணில் பட்டதும் முயல் அப்படியே நின்றுவிடும், ஓடாது. அதற்கப்புறம் அதில் என்ன வேட்டை இருக்கிறது? செத்த முயலைக் காதைப் பிடித்துத் தூக்கிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். அவர்களுக்குச் சோறு இல்லாமல் இல்லை. வேலியில் முயல் நுழைகிற சந்து பார்த்து, பைக் கிளட்ச் கேபிளைப் பிரித்துச் சுருக்கு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் முயல் மட்டுமா விழுகிறது? கீரி, காட்டுப்பூனை, போன மாசம் எங்கள் பக்கத்துக் காட்டில் ஒரு ஆட்டுக்குட்டி. இவர்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

விலங்கியல் மாணவி (சேலம்) எழுதியது:

இருவர் சொல்வதும் ஒன்றோடொன்று சேர்ந்து வருகிற விஷயம்தான். கொஞ்சம் விவரம் சொல்கிறேன்.

நம் கரட்டில் இருப்பது பிடரியில் கறுப்புத் திட்டு உள்ள இந்திய முயல். பண்ணையில் வளர்க்கிற வெள்ளை முயலுக்கும் இதற்கும் வாழ்க்கையே வேறு. பண்ணை முயலின் மூதாதை ஐரோப்பாவில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்வது. அதன் குட்டி கண் திறக்காமல், ரோமம் இல்லாமல் பிறக்கும். நம் முயல் வளை தோண்டாது. குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, ரோமத்தோடு இருக்கும். தாய் அதைப் புல்லுக்குள் விட்டுவிட்டு இரை தேடப் போய்விடும். அதாவது பகல் முழுக்க அதற்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு அந்தப் புல்தான். புல்லை எடுத்துவிட்டால் பதுங்க வேறு இடம் கிடையாது. தெருநாய்க் கூட்டம் கரட்டில் ஏறினால் முதலில் போவது குட்டிகள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் இந்த முயல் முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்தப் பட்டா நிலத்தில் பிடித்தாலும் குற்றம் குற்றம்தான். பலர் காப்புக்காட்டுக்குள் மட்டும்தான் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உலக அளவில் இது அழிவின் விளிம்பில் உள்ள இனம் இல்லை. இந்தியா முழுக்கப் பரவி இருக்கிறது. அதனாலேயே ஒரு ஊர்க் கரட்டில் அது காணாமல் போனால் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. புலி, யானைக்குக் கணக்கெடுப்பு நடக்கிறது. கரட்டு முயலை யார் எண்ணப் போகிறார்கள்?

மலைமேல் (ஏற்காடு) எழுதியது:

மலையிலும் குறைந்துவிட்டதுங்க. நாங்கள் மலையாளிப் பழங்குடிகள், சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில் ஊர். 1820 வாக்கில் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்தார் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். காபித் தோட்டமும் சில்வர் ஓக் நிழலும் முயலுக்கு ஆகாது. அதற்கு வேண்டியது வெட்டவெளிப் புல்லும் சாமைக் கொல்லையும். எங்கள் பாட்டன் காலத்தில் ஊரைச் சுற்றிச் சாமை, ராகி, தினை. அறுப்பு முடிந்த தாளடியில் ராத்திரி முயல் வந்து மேயும். பொங்கலை ஒட்டி ஊர் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து வேட்டைக்குப் போவார்கள், கிடைத்ததைப் பங்கு போட்டு எல்லா வீட்டுக்கும் கொடுப்பார்கள். ஆண் இல்லாத வீட்டுக்கும் பங்கு உண்டு.

இப்போது சாமை போடுகிற வீடு விரல் விட்டு எண்ணலாம். புல்மேடு இருந்த இடத்தில் ரிசார்ட். மற்ற இடத்தில் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிவிட்டது, அதற்கடியில் புல் முளைப்பதில்லை. மாசி, பங்குனியில் யாரோ போடுகிற பீடித் துண்டில் சரிவு முழுக்கப் பற்றி எரிகிறது. அதே மலையில் காட்டெருமை தோட்டத்துக்குள் நிற்கிறது. கனமான மிருகம் பெருகுகிறது, சின்னது போய்க்கொண்டிருக்கிறது.

வேட்டை நின்றதால் எங்கள் வீட்டில் யாரும் பட்டினி இல்லை. தோட்டக் கூலி இருக்கிறது, ரேஷன் இருக்கிறது. போனது வேறு. எந்தப் பாறை இடுக்கில் கோடையிலும் தண்ணீர் கசியும், எந்தப் பக்கம் காற்று அடித்தால் முயல் எங்கே படுக்கும் என்று எங்கள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். என் மகனுக்குப் பக்கத்துச் சரிவின் பெயரே தெரியாது. வேட்டை வேண்டாம், சரி. அந்தப் படிப்புக்கு மாற்றாக ஒன்றும் வரவில்லையே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

சேலத்தான் (இங்கிலாந்து) எழுதியது:

நான் பிழைப்புக்கு வந்த இடத்திலும் இதே பேச்சு ஓடுகிறது. இங்கே முயல் வேட்டை சட்டப்படி நடக்கிற ஒன்று. விவசாயிகளே பயிரைக் காப்பாற்ற ஆள் கூப்பிடுவார்கள். ஃபெரட் என்று கீரி மாதிரி ஒரு வளர்ப்புப் பிராணி, அதை வளைக்குள் விட்டு முயலை வெளியே விரட்டி வலையில் பிடிப்பார்கள். அதையே தொழிலாக வைத்திருந்த குடும்பங்களுக்கு இப்போது வேலை குறைந்துவிட்டது, ஏனென்றால் முயல் இல்லை.

இங்கே காரணம் நோய். 1953ல் மிக்சோமாட்டோசிஸ் வந்து சில வருடங்களில் நாட்டின் முயல்களில் 90 சதவீதத்துக்கும் மேல் செத்தன. அப்புறம் 1984ல் சீனாவில் முதலில் தெரியவந்த ரத்தக்கசிவு நோய், 2010ல் பிரான்சில் கண்டுபிடித்த அதன் இரண்டாம் ரகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடி.

ஸ்பெயினில் இன்னும் மோசம். ஐரோப்பிய முயலின் பூர்வீகமே அந்தப் பக்கம்தான். 2019ல் அதை அழிவு அபாயப் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை இனத்துக்கு முயல்தான் சாப்பாடு. 2002ல் வளர்ந்த லின்க்ஸ் 100கூட இல்லை என்ற நிலை. அதைக் காப்பாற்ற முதலில் முயலைக் காப்பாற்ற வேண்டும் என்று புரிந்துகொண்டு, நில உரிமையாளர்கள், விவசாயிகள், வேட்டைக்காரர்கள் என்று எல்லோரையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். 2023 கணக்கெடுப்பில் 2,000ஐத் தாண்டிவிட்டது. வேட்டைக்காரனை ஒதுக்கி வைக்காமல் உள்ளே இழுத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

முயல்பண்ணை (ஆத்தூர்) எழுதியது:

நான் பண்ணை வைத்திருக்கிறேன். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா இரண்டும் இருக்கின்றன. கறிக்கு முயல் வேண்டும் என்பவர்கள் பண்ணை முயல் வாங்கிச் சாப்பிடலாம், அது சட்டப்படி சரி. ஒரு யோசனை: சில ஜோடிகளைக் கரட்டில் விட்டால் பெருகாதா? நானே இலவசமாகத் தருகிறேன்.

விலங்கியல் மாணவி (சேலம்) எழுதியது:

ஐயா, உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. தயவுசெய்து இதை மட்டும் செய்துவிடாதீர்கள். பண்ணை முயலும் கரட்டு முயலும் இணை சேராது, இரண்டும் தனித்தனி இனம். நாய்க்கும் நரிக்கும் முதல் வாரத்திலேயே இரையாகிவிட்டால் அதுவே நல்லது என்று சொல்லும்படி இருக்கிறது, ஏனென்றால் பிழைத்துக்கொண்டால் ஆபத்து இன்னும் பெரிது. 1859ல் ஆஸ்திரேலியாவில் வேட்டைக்காக ஒருவர் தன் பண்ணையில் அவிழ்த்துவிட்ட கொஞ்சம் முயல்கள் கண்டம் முழுக்கப் பரவி மேய்ச்சலையே அழித்தன. அவற்றைக் கொல்ல அந்த அரசாங்கமே 1950ல் மிக்சோமாட்டோசிஸ் நோயைப் பரப்ப வேண்டியதாயிற்று. பண்ணை முயல் பண்ணையிலேயே இருக்கட்டும்.

முயல்பண்ணை (ஆத்தூர்) எழுதியது:

சரிம்மா, புரிந்தது. விடமாட்டேன்.

பாசிமணி வீட்டுப் பையன் எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன், எங்கள் ஆட்களைப் பற்றி யாராவது எழுதுவார்களா என்று. நாங்கள் நரிக்குறவர். கௌதாரி, காடை, முயல் பிடிப்பதுதான் எங்கள் தாத்தாவின் பிழைப்பு. கௌதாரிக் குரலில் அவர் கூப்பிட்டால் புதருக்குள்ளிருந்து கௌதாரி பதில் கொடுக்கும். அதை நான் கண்ணால் பார்த்தவன்.

1972க்குப் பிறகு சட்டம் வந்தது. சட்டம் வந்ததைச் சொல்ல யாரும் வரவில்லை, பிடிக்க மட்டும் வந்தார்கள். கூண்டையும் வலையையும் எரித்தார்கள். துப்பாக்கியைப் பறித்தார்கள். மாற்றுத் தொழில் என்று எங்கள் பெண்கள் பாசி மணி கோத்ததுதான், அதுவும் நாங்களாகப் பழகிக்கொண்டது. ஏற்காடு கோடை விழாவில் பலூனும் மணியும் விற்கிற எங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழங்குடிப் பட்டியலில் எங்களைச் சேர்க்கிற சட்டம் 2023 ஜனவரியில்தான் வந்தது. எத்தனை வருடம் பாருங்கள்.

நான் வேட்டைக்குப் போனதில்லை, போகவும் மாட்டேன். டிப்ளமோ படித்திருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சினை முயலைத் தாத்தா விட்டுவிடுவார். வலையில் விழுந்தாலும் வயிற்றைத் தடவிப் பார்த்து அவிழ்த்துவிடுவார். ஒரே கரட்டில் அடுத்தடுத்து வலை போடமாட்டார், வேறு ஊருக்கு நகர்ந்துவிடுவார்கள். முயல் தீர்ந்தால் எங்கள் சோறும் தீர்ந்தது என்று தெரிந்தவர்கள் அவர்கள். ஓமலூர் அண்ணன் சொன்ன பேட்டரி லைட் பையன்களுக்கு அந்தக் கவலை எதற்கு? அடுத்த நாள் பிரியாணிக்கடைக்குப் போவார்கள். வழக்கு என்று வந்தால் மட்டும் முதலில் எங்கள் கூடாரத்தைத்தான் சோதனை போடுவார்கள்.

குச்சிக்கிழங்கு விவசாயி எழுதியது:

எல்லோரும் முயலுக்கு உருகுகிறீர்கள், நல்லது. விவசாயி நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். கொள்ளு முளைக்கிற சமயத்தில் முயல் ராவோடு ராவாகப் பாத்தியையே மொட்டை அடித்துவிடும், நானே பார்த்திருக்கிறேன். இப்போது முயல் இல்லை, அதற்குப் பதில் காட்டுப்பன்றியும் மயிலும். பன்றி ஒரே ராத்திரியில் கிழங்குக் காட்டை உழுதுவிட்டுப் போகிறது. 2025 ஜனவரியில் அரசாங்கம், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறையே சுடலாம் என்று அறிவித்தது. கரட்டடியில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தூரக் கணக்கு உதவாது. மனுசன் வயிறு எரிந்துதான் வேலியில் கரண்ட் விடுகிறான், அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கிற நாட்டு வெடி) வைக்கிறான்.

கரட்டோரம் (வாழப்பாடி பக்கம்) எழுதியது:

அண்ணா, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு, என் காட்டிலும் பன்றி இறங்குகிறது. ஆனால் கரண்ட் வேலியில் சாவது பன்றி மட்டும் இல்லை. மாடு செத்திருக்கிறது, மனுசன் செத்திருக்கிறான். அவுட்டுக்காயைக் கடித்து வாய் கிழிந்த மாட்டைப் பார்த்தவன் நான். அதை நியாயப்படுத்த வேண்டாம்.

முயலும் நரியும் குறைந்து பன்றியும் மயிலும் பெருகியதை ஒன்றாக வைத்துப் பாருங்கள். எங்கள் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரி பிடித்து ஓடவிடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நரி முகத்தில் முழித்தால் மழை பெய்யும், வெள்ளாமை விளையும் என்ற நம்பிக்கை. வருடா வருடம் வனத்துறை தடை சொல்லும், அபராதம் போடும். நரியைப் பிடிக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் அந்த நரி எங்கே வாழ்கிறது? அதே கரட்டில், அதே மேய்ச்சல் புறம்போக்கில். அதை உடைத்து ஜல்லி ஆக்கும்போது அபராதம் போட யாரும் வருவதில்லை. அரசாங்கத்தின் தரிசு நில வரைபடத்தில் நம் கரடும் புல்வெளியும் தரிசு என்றுதான் எழுதியிருக்கிறது. தரிசு என்று எழுதிவிட்டால் அப்புறம் கிரஷருக்குக் கொடுக்கலாம், சோலார் போடலாம், மரம் நடுகிறேன் என்று புல்லைத் தோண்டலாம். முயலுக்கு மரம் வேண்டாம், புல் வேண்டும். ஏரியில் மீன் செத்து மிதந்தால் ஊரே கூடுகிறோம், கரடு செத்தால் லாரி எண்ணிக்கொண்டு நிற்கிறோம்.

மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். ஊர்க்காரர்கள் விடாமல் நின்றதால் 2022ல் அந்த மலைகளைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே அதுதான் முதல். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். எங்கள் ஊர்ப் பதிவேட்டில் முயல் என்ற ஒற்றை வார்த்தை இருக்கிறது. எந்தக் கரட்டில், எந்த மாசத்தில், எத்தனை, ஒன்றும் இல்லை.

அதை எழுதத் தெரிந்தவர்கள் யார்? பழைய வேட்டைக்காரர்கள்தான். எனக்குப் புழுக்கை மட்டும்தான் தெரியும். அது எத்தனை நாள் பழசு, ஒரு முயலா இரண்டா என்று அவர்கள் சொல்வார்கள். அந்த வேலைக்கு அவர்களுக்குக் கூலியும் கொடுக்கலாம். தம்பி, உங்கள் தாத்தா எங்கள் கரட்டுக்கு வருவாரா?

விலங்கியல் மாணவி (சேலம்) எழுதியது:

இது செய்யக்கூடிய காரியம். நான் கூட வருகிறேன், என் வகுப்பில் இன்னும் சிலர் வருவார்கள். முறை எளிதுதான். கரட்டில் ஒரு நேர்கோட்டைக் கயிறு பிடித்துக் குறித்துக்கொண்டு, சம தூரத்தில் சின்னச் சின்ன வட்டம் போட்டு, அதற்குள் கிடக்கிற புழுக்கையை எண்ணிவிட்டுத் துடைத்துவிட வேண்டும். குறிப்பிட்ட நாள் கழித்து அதே வட்டத்தில் புதிதாக விழுந்ததை மட்டும் எண்ண வேண்டும். முயல் புழுக்கை உருண்டையாக, லேசாகத் தட்டையாக இருக்கும். நசுக்கினால் உமி மாதிரி நார் தெரியும். ஆட்டுப் புழுக்கை நீள்வாக்கில், வழவழப்பாக இருக்கும். ஈர மண்ணில் தடம் பார்க்கிறவர்கள் கவனிக்க: நீளமான பின்னங்கால் தடம் முன்னாலும், சின்ன முன்னங்கால் தடம் பின்னாலும் விழும். பார்த்ததும் எதிர்த்திசையில் ஓடியது என்று நினைத்துவிடக் கூடாது.

மழை முடிந்த கையோடு ஒருமுறை, கோடையில் ஒருமுறை எண்ணினால் ஒப்பிடலாம். மலைமேல் அண்ணன் ஊர்ப் புல்மேட்டிலும் செய்தால் மலைக்கும் அடிவாரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

மலைமேல் (ஏற்காடு) எழுதியது:

எங்கள் அப்பாவை நடக்க வைக்க முடியாது. ஜீப்பில் உட்கார வைத்து மேடு மேடாகக் காட்டச் சொல்கிறேன். மகனையும் கூட அனுப்புகிறேன், அவன் எழுதிக்கொள்ளட்டும்.

மேட்டுக்காடு (ஓமலூர்) எழுதியது:

நான் ஊர்ப் பையன்களிடம் பேசுகிறேன். லைட் வேட்டைக்குப் போகிற இரண்டு பேர் எனக்குச் சொந்தம்தான். 3 வருடம் சிறை என்பதே அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் வேலியில் இருக்கிற கம்பிச் சுருக்கையாவது நானே பிடுங்குவேன். ஜனவரி 26 கிராம சபையில் எங்கள் மேய்ச்சல் புறம்போக்கை எதற்கும் மாற்றக் கூடாது என்று தீர்மானம் கேட்கப் போகிறேன். குச்சிக்கிழங்கு அண்ணனும் வந்தால் பன்றி இழப்பீட்டையும் சேர்த்தே கேட்கலாம்.

குச்சிக்கிழங்கு விவசாயி எழுதியது:

வருகிறேன். இழப்பீட்டு மனு போட்டு அலைந்த ரசீதெல்லாம் என்னிடம் இருக்கிறது, எடுத்து வருகிறேன்.

பாசிமணி வீட்டுப் பையன் எழுதியது:

தாத்தாவிடம் கேட்டேன். முதலில் நம்பவில்லை, அப்புறம் எந்தக் கரடு என்று கேட்டார். பெயரைச் சொன்னதும், அங்கே வடக்குச் சரிவில் ஊஞ்ச மரத்தடியில் ஒரு சுனை இருக்குமே, அது இருக்கிறதா என்று கேட்கிறார். யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

வருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறார். எங்கள் ஆட்கள் கரட்டில் கால் வைத்தாலே வேட்டைக்கு வந்ததாகத்தான் எழுதுவார்கள். அதனால் வனத்துறையிடம் முன்கூட்டியே சொல்லி, யார் யார் எதற்கு வருகிறோம் என்று எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அந்தக் காகிதத்தின் நகல் தாத்தா கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வரமாட்டார், நானும் அனுப்பமாட்டேன்.

கரட்டோரம் (வாழப்பாடி பக்கம்) எழுதியது:

தம்பி, நிபந்தனை நியாயமானது. திங்கட்கிழமை ரேஞ்சர் ஆபீசில் மனு கொடுக்கிறேன். மாணவியின் கல்லூரியிலிருந்தும் ஒரு கடிதம் கிடைத்தால் சேர்த்துவிடலாம். தாத்தாவின் பெயரை ஆதாரில் இருக்கிறபடி தனிச் செய்தியில் அனுப்புங்கள், இங்கே பொதுவில் போட வேண்டாம். சுனை இருக்கிறது. ஊஞ்ச மரம் இல்லை, வெட்டிவிட்டார்கள்.